கிளியனூருக்குக் கொண்டுபோன படம்

நவம்பர் இரண்டாம் தேதி கிளியனூரில் இருந்தாக வேண்டும் என்று என் தம்பி குணா சொன்னபோது, கிளியனூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இந்தியாவுக்கு அதற்கு முன் ஒரே ஒரு முறை வந்திருக்கிறேன். பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று ஒரு வாரம் சுற்றுலாப் பேருந்தில் தூங்கி எழுந்ததுதான் அந்தப் பயணம்.

குணாவுக்குச் சவரிமுத்து என்று ஒரு நண்பர் இருந்தார். கிளியனூரிலிருந்து பினாங்கு உணவகம் ஒன்றில் பரோட்டா போடும் வேலைக்கு வந்தவர். ஏழு வருடத்துக்கு முன் அங்கேயே இறந்துபோனார். மாரடைப்பு என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லாமல் அங்குள்ள கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி ஜெயமேரி அந்த இடத்தைப் பார்த்ததில்லை. குணா கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அந்தக் குழிக்குச் சிமெண்டு பூசி, சிலுவை நட்டு, பெயர் பொறித்துவிட்டான். அதைப் படம் எடுத்துச் சட்டமும் போட்டான். கல்லறைத் திருநாளன்று அந்தப் படத்தை ஜெயமேரி கையில் கொடுக்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

"தபால்ல அனுப்பலாமே" என்றேன்.

"தபால்ல அனுப்புற விஷயம் இல்லக்கா."

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குணாவும் சவரியும் ஹெராயின் பழகியவர்கள். எங்கள் ஊரில் அதைத் தூள் என்பார்கள். குணா பதினான்கு வருடம் அதில் கிடந்தான். பிடித்தார்கள், அடைத்தார்கள், விட்டார்கள். வெளியே வந்த வாரமே மறுபடி போனான். பிறகு எங்கள் வட்டார கிளினிக்கில் மெதடோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். காலையில் போய்த் தாதியின் முன்னால் குடித்துவிட்டு வருகிற மருந்து அது. சரியான அளவில் குடித்தால் போதை ஏறாது. உடம்பு தூளைக் கேட்டுத் துடிக்கவும் துடிக்காது. ஆறு வருடமாகக் குடிக்கிறான். ஊசி இல்லை, போலீஸ் இல்லை, டயர் கடையில் வேலை. கிளினிக்கில் அவனை நம்பினார்கள், கடை முதலாளி நம்பினார். நான்தான் இன்னும் நம்பப் பழகவில்லை. தினமும் மாலையில் தொலைபேசியில் "குடிச்சியா? எத்தனை மணிக்கு?" என்று கேட்பேன்.

பயணத்துக்கென்று பத்து நாளுக்கான மருந்தைப் பத்துச் சின்னப் புட்டிகளில் கொடுத்தார்கள். புட்டிகளை நான் வாங்கி என் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். அவனிடம் விட்டது மருத்துவரின் கடிதத்தை மட்டும்தான். அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சென்னையில் ஒரு இரவு தங்கினோம். காலையில் குணா என் எதிரில் மருந்தைக் குடித்தான். கிளியனூருக்குத் திண்டிவனத்தில் இறங்கி மாற வேண்டும் என்பதால், அவ்வழியே திருச்சி போகும் பேருந்தில் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டியதும் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை அரை மணியில் கொட்டி முடிந்துவிடும். இது ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் குடையை உள்ளேயே விரித்துக்கொண்டு தூங்கினார்.

"திண்டிவனம் எறங்குறவங்கலாம் ஜல்தியா எறங்குங்க! வண்டி ஊருக்குள்ள போவாது, பைபாஸ்லதான்!" என்று நடத்துநர் கத்தினார். பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கினோம். குணா படத்தைப் பிளாஸ்டிக் உறையோடு நெஞ்சில் அணைத்திருந்தான். பேருந்து நகர்ந்து, சிவப்பு விளக்கும் மழைக்குள் மறைந்த பிறகுதான் என் தோள் லேசாக இருப்பது தெரிந்தது. துணிப்பை மேலே, தட்டிலேயே போய்விட்டது.

நடுச்சாலையில் நின்று அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆசிரியை, லாரிகள் சேற்றை வாரி அடிக்க, குழந்தை மாதிரி. குணா கேட்டது இவ்வளவுதான்:

"பாஸ்போர்ட் இருக்காக்கா?"

"இருக்கு."

"படம் இங்க இருக்கு. சரி, பின்னாலயே போய்ப் பாப்போம்."

ஆறு வருடத்தில் அவன் ஒரு நாள்கூட மருந்தைத் தொலைத்ததில்லை. தொலைத்தது நான். அதை அவன் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை.

விழுப்புரத்துக்கு அடுத்த பேருந்தில் நின்றுகொண்டே போனோம். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கையில் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒரு கை நிறைய அவித்த கடலையையும் மடியில் போட்டாள்.

"துன்னுக்கினே வாங்க. மழைக்கு மல்லாட்டை நல்லாருக்கும்."

நாங்கள் கச்சான் என்று சொல்வதற்கு இங்கே மல்லாட்டை. அழுதுகொண்டே தின்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். எங்கள் பேருந்து திருச்சிப் பக்கம் போய்விட்டிருந்தது. நடத்துநருக்குப் போன் போட்டார். "தட்டுல ஒண்ணும் இல்லையாம்மா. யாராச்சும் எடுத்துக்கினு எறங்கியிருப்பாங்க" என்றார். எதிரே இருந்த இரண்டு மருந்துக் கடைகளிலும் மெதடோன் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை. ஒரு கடையில் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நாளைக் காலை மருந்து இல்லையென்றால் நாளை இரவுக்குள் குணாவின் உடம்பு தூளைக் கேட்க ஆரம்பிக்கும். திரும்பிப் போகலாம் என்றேன். விமான டிக்கெட் அடுத்த வாரத்துக்கு. நான் பேசிக்கொண்டிருக்க, அவன் நிலையத்தின் பின்பக்கம் இருந்த சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே சுவரோரம் ஒருவர் தோள்பையோடு குந்தியிருந்தார். மெலிந்த இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கொடுத்ததை அவர் மூடி போட்ட டப்பாவில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து காகித உறைகளை எடுத்துக் கொடுத்தார். ஒருவனின் கையைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"அக்கா, அவர் நம்ம ஆளு" என்றான் குணா.

"எப்படித் தெரியும்?"

"எங்க ஏரியாலயும் ஒருத்தர் வருவாரு. இதே மாதிரி டப்பா. பழைய ஊசிய வாங்கிக்கிட்டு புது ஊசி குடுக்கிறாரு."

போய்ப் பேசினான். அவர் பெயர் பாபு. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான ஒரு சின்ன மையத்தில் களப்பணியாளர். குணாவின் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பேஜாரு பண்ணிக்காதீங்க மேடம். எங்ககிட்ட இந்த மருந்து இல்ல, வேற மருந்து இருக்குது. காலைல டாக்டரம்மா வருவாங்க, நானே இட்டுக்கினு போறேன்" என்றார்.

அவரோடு தேநீர் குடித்தபோது என் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஊசியை நீங்களே கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போட மாட்டார்களா?"

அவர் கோபப்படவில்லை. எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள்.

"நான் குடுக்கலன்னாலும் போடுவாங்க மேடம். ஒரே ஊசிய நாலு பேரு போட்டுக்குவாங்க. நான் அப்பிடித்தான் எச்ஐவி வாங்கிக்கினேன். மொதல்ல விட்டுட்டு வா, அப்பறம் பேசலாம்னா எவன் வருவான்? உசிரோட இருந்தாத்தான விடறதுக்கு." கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, "எனக்கு அன்னிக்கி எவனாச்சும் ஒரு புது ஊசி குடுத்திருந்தா…" என்று தொடங்கி, முடிக்காமல் தேநீர்க்காரரிடம் சீனி கேட்டார்.

இரவு விழுப்புரத்திலேயே ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் காலை மருத்துவரைப் பார்த்தோம். என்னைவிட இளையவர், சளி பிடித்திருந்தது. குணாவின் கடிதத்தைப் படித்துவிட்டு பினாங்கு கிளினிக்குக்குப் போன் போடச் சொன்னார். எங்கள் தாதி ஆயிஷாதான் எடுத்தார். குணா மலாயில் நடந்ததைச் சொல்ல, அந்தப் பக்கம் கேட்ட முதல் கேள்வியை அவன் என்னிடம் திருப்பிச் சொன்னான்: "சாப்ட்டியான்னு கேக்குறாங்க." பிறகு போனை மருத்துவரிடம் கொடுத்தான். இரண்டு பெண்களும் அளவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

"வெளிநாட்டுக்காரருக்கு இங்க மருந்து கொடுக்கலாம்னு எந்தத் தாள்லயும் இல்ல" என்றார் மருத்துவர். "கொடுக்கக் கூடாதுன்னும் இல்ல. நான் கொடுக்கிறேன். ஆனா இன்னிக்கு இல்ல."

ஏன் என்று விளக்கினார். இவர்களிடம் இருப்பது நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை. பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே அதைக் கொடுத்தால், உதவுவதற்குப் பதில் ஒரே அடியாகத் துன்பத்தைக் கிளப்பிவிடும். பழையது இறங்கி, உடம்பு கேட்க ஆரம்பித்து, அது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கொடுக்க முடியும். நாளைக் காலை வரை ஆகும். குணா குடித்துவந்த அளவு குறைவு என்பதால் தாங்கக்கூடியதாகத்தான் இருக்கும்.

"ரூம்ல உக்காந்து மணி பாக்காதீங்க. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் பெருசா இருக்காது, எங்கியாவது போயிட்டு வாங்க" என்றார்.

பாபு எங்களை மண்டகப்பட்டுக்குப் பேருந்து ஏற்றிவிட்டார். செஞ்சி சாலையில் இறங்கி நடக்க வேண்டும். மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் நீர் தேங்கிய வயல்கள், எருமைகள். மகேந்திரவர்மன் குடைந்த குகை ஒரு பாறையின் முகத்தில் இருந்தது. இரண்டு ஓரத்திலும் கல்லில் செதுக்கிய வாயிற்காவலர்கள் சாய்ந்து நின்றார்கள். நான் பாடம் நடத்தும் பழக்கத்தில் பல்லவர்களைப் பற்றி ஏதோ தொடங்கினேன். குணா உள்ளே போய்க் குளிர்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்தான். கொட்டாவி விட்டான். மறுபடி விட்டான்.

"அக்கா, சவரிக்கு மாரடைப்பு இல்ல."

அது எனக்கு அரைகுறையாகத் தெரியும். மீதியை அன்றுதான் சொன்னான்.

சவரியைப் பிடித்து ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே வந்த அன்றே நண்பர்களைத் தேடி வந்தார். ஐந்து மாதத்தில் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருந்தது. அவர் எடுத்தது பழைய அளவு. பூட்டிக் கிடந்த கடையின் பின்கட்டு, மதியம் மூன்று மணி. உதடு நீலமானது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். குணா முகத்தில் தண்ணீர் அடித்துப் பார்த்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூச்சு இருந்தது. தெருமுனைத் தொலைபேசிக்கு ஓடினான்.

"ரிசீவர எடுத்துட்டேன்க்கா. ஆம்புலன்ஸ் வந்தா போலீஸும் வரும். நான் உள்ள இருந்து வந்து ஒரு மாசம்தான் ஆச்சி. கையில ரிசீவர் இருக்கு, நம்பர் தெரியும். அழுத்தல. எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. திரும்பிப் போனப்ப மூச்சு இல்ல."

வெளியே ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"இத ஜெயமேரிகிட்ட சொல்லணும்" என்றான்.

"எதுக்கு? ஏழு வருஷமா மாரடைப்புன்னு நினைச்சு ஆறியிருக்கும் அந்தப் பொண்ணு. படத்தைக் கொடுத்துட்டு வந்துடலாம்."

"போன்ல ஒரு தடவ கேட்டாங்க, அவரு தனியாவா செத்தாருன்னு. எனக்குப் பொய் சொல்ல வரல. அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டேன். அதுக்குத்தான்க்கா வந்தேன். படம் அதுக்கப்புறம்."

மாலையில் விடுதிக்குத் திரும்பும்போதே மூக்கு ஒழுகியது, கையில் மயிர் சிலிர்த்து நின்றது. அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. கால் பிடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். அவனுக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்தபோது செய்தது. அதற்குப் பிறகு நான் அவனைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காலையில் பாபு ஆட்டோவோடு வந்து நின்றார். மருத்துவர் குணாவின் கண்மணியைப் பார்த்தார், நாடி பிடித்தார், "இப்ப சரி" என்றார். செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கடியில் போட்டு, பேசாமல் இருக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். பாபுவும் தன் மாத்திரையை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு குணாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வாய் திறக்க முடியாமல் இரண்டு பேரும் சைகையில் கிரிக்கெட் பேசினார்கள். பத்தரை மணிக்குக் குணாவின் தோள்கள் இறங்கின. பதினோரு மணிக்குப் பசிக்கிறது என்றான். பரோட்டாவைப் பார்த்து, "சவரி போடுறதுல பாதி மெலிசு இல்ல" என்றான். அவன் சவரியைச் சாதாரணமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்லறைத் திருநாள் அன்று காலை மையத்தில் மாத்திரையை முடித்துக்கொண்டு திண்டிவனம் போய், புதுச்சேரிச் சாலையில் டவுன் பஸ் பிடித்தோம். பேருந்து முழுக்க சாமந்தி வாசனை. எல்லார் மடியிலும் மாலை, மெழுகுவர்த்தி.

ஜெயமேரி கிளியனூர் நிறுத்தத்தில் காத்திருந்தார். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். நாற்பது வயது இருக்கும், வெளிர்நீலச் சேலை. "வாங்கண்ணா, வாங்கக்கா" என்று கூப்பிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சுத்தம் செய்து வெள்ளையடித்த குழிகள், பூ, புகை, பேச்சு. அங்கே இருந்தவர்கள் சாப்பாட்டுப் பொட்டலம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அவருக்கு இங்க எடம் இல்ல. மாமனாரு குழிலதான் வருசா வருசம் ஏத்துறோம்" என்றார் ஜெயமேரி.

குணா படத்தைக் கொடுத்தான். அவர் உறையைப் பிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். கல்லில் பொறித்திருந்ததை விரலால் தடவிப் படித்தார்.

"ஊரு பேரையும் போட்டிருக்கீங்க."

மாமனாரின் குழிச் சிலுவையில் ஜெயமேரி படத்தைச் சாய்த்து வைத்தார். பாதிரியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். அதன் பிறகு குணா சொன்னான். மண்டகப்பட்டில் என்னிடம் சொன்ன அதே வரிசையில், எதையும் குறைக்காமல், நின்றபடியே.

ஜெயமேரி குனிந்து, மெழுகுவர்த்தியைச் சுற்றி வழிந்திருந்த மெழுகை விரலால் ஒதுக்கினார்.

"கடைசியா லீவுல வந்தப்ப கையப் பாத்தேன். புள்ளி புள்ளியா இருந்திச்சி. இன்னான்னு கேட்டா, கொசுக்கடின்னாரு. நானும் தேங்கா எண்ண தடவிவுட்டேன்." பிறகு குரல் மாறியது. "ஒரு போனு. ஒரே ஒரு போனு பண்ணியிருக்கலாம்ல?"

"ஆமா" என்றான் குணா.

அவர் எங்களை விட்டுவிட்டுத் தோட்டத்தின் கடைசிவரை நடந்துபோய், வேலியோரம் முதுகைக் காட்டி நின்றார். போய்விடலாமா என்று குணாவிடம் கேட்டேன். "திரும்பட்டும்" என்றான். மெழுகுவர்த்திகள் பாதிக்கு வந்தன. காற்றில் ஒன்று அணைந்தபோது குணா குனிந்து பக்கத்துச் சுடரிலிருந்து ஏற்றினான்.

ஜெயமேரி வந்தார். கண் சிவந்திருந்தது.

"தனியா போவல இல்ல?"

"நான் போன் பக்கம் நின்ன நேரம் தனியாத்தான் இருந்தாரு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் இருந்தேன். இருட்டுற வரைக்கும் தலய மடியில வச்சிருந்தேன்."

அவர் தலையசைத்தார். "வூட்டுக்கு வாங்க. மருந்து சாப்புட்டு வந்தேன்னு சொன்னீங்க, வெறும் வயித்துல நிக்கறீங்க."

வீட்டில் கோழிக்குழம்பும் கேப்பைக் களியும். களியை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் நான் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். அந்த மாத்திரை என்ன, யார் கொடுக்கிறார்கள், போலீஸ் ஒன்றும் கேட்காதா, அன்றைக்குப் பினாங்கில் இதெல்லாம் இருந்ததா என்று குணாவை ஒவ்வொன்றாகக் கேட்டார். சவரி போன அடுத்த வருடம்தான் கிளினிக்கில் மருந்து வந்தது என்றான். அவர் குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார்.

"பொண்ணு திருச்சில ஆஸ்டல்ல படிக்குது. அதுக்கு மாரடைப்புன்னுதான் தெரியும்" என்றார். "கிறிஸ்மசுக்கு வரும். நான் சொல்லிக்கிறேன். நாளைக்கி வேற யாராச்சும் வேற மாதிரி சொல்லக் கூடாது."

பேருந்து நிறுத்தம் வரை வந்தார். தூரத்தில் திண்டிவனம் வண்டியின் முகப்பு தெரிந்ததும் குணாவைப் பார்த்தார்.

"எனக்கு மனசு ஆறலண்ணா. ஆறுமான்னும் தெரியல."

"சரிம்மா."

"அடுத்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு வருவீங்க இல்ல? வந்தீங்கன்னா முன்னாடியே போன் பண்ணுங்க. விழுப்புரத்துல போயி அந்த டாக்டரம்மாகிட்ட மருந்துக்கு நானே சொல்லி வக்கிறேன்."

வண்டி வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன். குணா படியில் ஒரு கால் வைத்தபடி நின்றான். நடத்துநர் விசிலைத் தூக்கினார்.

"யாருக்கும்மான்னு கேட்டா," என்றார் ஜெயமேரி, "எங்க அண்ணனுக்குன்னு சொல்றேன்."